சாய்வும் அமிழ்வும்

மடிந்த பாறையில் முதலில் கண்ணில் படுவது வளைவு. எழுந்து, உச்சி தொட்டு, மறுபக்கம் இறங்கும் அந்தக் கோட்டைத்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுக்கிறேன். ஆனால் அந்த வளைவு, பாறை வெட்டுப்பட்ட முகத்தில் தெரியும் ஒரு தோற்றம் மட்டுமே. ஓடையோ சாலை போட வைத்த வெடியோ எந்தத் திசையில் அறுத்ததோ, அதற்கேற்ப அது மாறிவிடும். குறுக்கே நேராக வெட்டுப்பட்டால் கூர்மையாகத் தெரியும் மடிப்பு, கோணலாக வெட்டுப்பட்டால் அகன்று விரிந்து தெரியும். நீளவாக்கிலேயே வெட்டுப்பட்டுவிட்டால் மடிப்பு இருந்த சுவடே இருக்காது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே படம் எடுத்த பிறகு உட்கார்ந்து வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மடிப்பு வெளியில் எப்படி நிற்கிறது, அல்லது எப்படிக் கிடக்கிறது? பதிலுக்கு இரண்டு பொருள்கள் போதும்: ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தன்னுள் கொண்ட ஒரு தளம். இரண்டுக்குக் குறைவாக எதைச் சொன்னாலும் பதில் பாதியில் நின்றுவிடும்.

*

ஒரு அடுக்கு மிகக் கூடுதலாக வளையும் புள்ளிகளை இணைத்தால் கீல் கோடு கிடைக்கும். அதைப் பாறையில் விரலால் தடவிக் காட்டலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் எல்லா அடுக்குகளின் கீல் கோடுகளையும் தொட்டுச் செல்லும் பரப்பு, அச்சுத்தளம். களிக்கல்லும் சிலேட்டும் உள்ள இடங்களில் அந்தத் தளம் கண்ணுக்கே தெரியும். பாறை ஏடு ஏடாகப் பிளக்கும் திசை பெரும்பாலும் அச்சுத்தளத்துக்கு இணையாகவே இருக்கும்.

அச்சு என்பது கீல் கோட்டிலிருந்து சற்று வேறானது. ஒரு நேர்கோட்டை அதற்கே இணையாக நகர்த்திக்கொண்டு போனால் மடிப்பின் முழுப் பரப்பும் வரையப்பட்டுவிடும் என்றால், அந்தக் கோடு அச்சு. அதற்கு இடம் இல்லை. மடிப்பின் இந்தப் பக்கத்திலும் அது உண்டு, அந்தப் பக்கத்திலும் உண்டு. அதற்கு இருப்பதெல்லாம் திசை மட்டும்.

இந்த வேறுபாட்டில் நான் நெடுநேரம் நின்றுவிடுவது உண்டு. கீல் அரித்துப் போயிருக்கலாம், மண்ணுக்குள் புதைந்திருக்கலாம். மலையின் உச்சி முழுவதும் கரைந்து, இரண்டு பக்கங்கள் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அப்போதும் அச்சை மீட்டுவிட முடியும். அங்கங்கே அடுக்குகளின் சாய்வை அளந்து, ஒவ்வொன்றுக்கும் செங்குத்தான கோட்டை, திசைகளைப் புள்ளிகளாகக் காட்டும் கோளப்படத்தில் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் மெல்ல ஒரு பெருவட்டத்தில் வரிசைகட்டும். அந்த வட்டத்துக்குச் செங்குத்தான திசையே அச்சு. யாரும் தொட்டுப் பார்க்காத ஒரு கோடு, தொட்டுப் பார்த்த பல தளங்களிலிருந்து இப்படி வெளிப்படுகிறது.

*

தளத்துக்குச் சாய்வு, கோட்டுக்கு அமிழ்வு. களத்தில் டிப் என்றும் பிளஞ்ச் என்றும்தான் பேசிக்கொள்கிறோம். இரண்டுமே கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி எத்தனை பாகை என்ற கணக்கு.

1964-இல் எம். ஜே. ஃப்ளூட்டி லண்டன் நிலவியலாளர் சங்கத்தின் இதழில் மடிப்புகளை விவரிப்பது பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதுவரை ஆளுக்கொரு பொருளில் புழங்கிய சொற்களுக்கு அவர் எல்லைகள் வைத்தார். அச்சுத்தளத்தின் சாய்வு 80 பாகைக்கு மேல் இருந்தால் நிமிர்ந்த மடிப்பு. 10 பாகைக்குள் இருந்தால் கிடந்த மடிப்பு. நடுவில் இருப்பவை சாய்ந்தவை: 10 முதல் 30 வரை மென்சாய்வு, 30 முதல் 60 வரை நடுத்தரம், 60 முதல் 80 வரை செஞ்சாய்வு. அச்சின் அமிழ்வுக்கும் இதே எல்லைகள். 10 பாகைக்குள் என்றால் கிடைமட்ட அச்சு; 80-ஐத் தாண்டினால் அது செங்குத்து மடிப்பு.

பெருமாளின் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாகத் தோன்றாது. மதுரை கூடலழகர் கோயிலிலும் உத்திரமேரூரிலும் ஒரே விமானத்தின் அடுக்குகளில் மூன்று கோலங்களையும் காணலாம். நிலவியலும் தன் மடிப்புகளை உடல் கிடக்கும் நிலைகளால்தான் அழைக்கிறது. ஒரு மலை எப்படிக் கிடக்கிறது என்று பேசும்போது அதை ஓர் உடலாக எண்ணாமல் பேச முடிவதில்லை போலும்.

எல்லைகளைப் பற்றி ஒரு சொல். பாறைப் பரப்பு மேடுபள்ளமானது. ஒரே அடுக்கை ஒரு முழம் தள்ளி அளந்தால் சில பாகைகள் மாறும். 58 பாகையும் 62 பாகையும் பாறையில் ஒன்றேதான். ஃப்ளூட்டியின் அட்டவணையில் மட்டும் வேறு வேறு பெயர் பெறுகின்றன. ஆகவே குறிப்பேட்டில் எண்ணை முதலில் எழுதி, பெயரை அதன் பிறகு எழுதுவதே சரி என்று நினைக்கிறேன். எண் இருந்தால் பெயரை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயர் மட்டும் இருந்தால் எண்ணுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

*

அச்சு, அச்சுத்தளத்துக்குள் கிடக்கிறது. இந்த எளிய உண்மைக்குள் ஒரு கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது: அச்சின் அமிழ்வு ஒருபோதும் தளத்தின் சாய்வை மிஞ்ச முடியாது.

சாய்ந்த ஓட்டுக் கூரைமேல் ஒரு கழியைக் கிடத்திப் பார்த்தால் போதும். முகட்டுக்கு இணையாக வைத்தால் கழி சமமாக இருக்கும். மெல்லத் திருப்பத் திருப்பக் கீழே இறங்கும். மழைநீர் ஓடும் வழியோடு அது ஒன்றிவிடும் இடத்தில்தான் கூரையின் முழுச் சரிவையும் அடையும். அதற்குமேல் திருப்பினால் சரிவு குறையத் தொடங்கும். கூரையைவிடச் செங்குத்தாக அந்தக் கழியால் கிடக்கவே முடியாது.

ஃப்ளூட்டியின் அளவுகளில் சாய்வை ஓர் ஓரத்திலும் அமிழ்வை இன்னோர் ஓரத்திலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக இருக்கும். உலகின் எந்த மடிப்பும் அங்கே வந்து உட்காராது. கவனக்குறைவால் விடுபட்ட இடமும் அல்ல அது. கோடு தளத்துக்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மூடப்பட்ட பாதி. குறிப்பேட்டில் 40 பாகைச் சாய்வும் 55 பாகை அமிழ்வும் ஒரே மடிப்புக்கு எழுதப்பட்டிருந்தால், பாறையிடம் திரும்பிப் போகாமலே தெரிந்துவிடும், இரண்டில் ஒன்று தவறு என்று.

1971-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த எம். ஜே. ரிக்கார்ட், ஜியாலஜிக்கல் மேகஸினில் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்றில், அந்தச் சதுரத்துக்குப் பதில் ஒரு முக்கோணத்தைத் தந்தார். ஒரு முனையில் நிமிர்ந்த மடிப்பு, ஒரு முனையில் கிடந்த மடிப்பு, ஒரு முனையில் செங்குத்து மடிப்பு. நான்கே பக்கங்கள் கொண்ட கட்டுரை. மூன்று முனைகளுக்கு இடையில் எல்லா மடிப்புகளும் அடங்கிவிடுகின்றன.

முக்கோணத்துக்குள் மூன்றாவது அளவு ஒன்றும் ஓடுகிறது. பிட்ச். அச்சுத்தளத்திலேயே கிடக்கும் கிடைமட்டக் கோட்டிலிருந்து அச்சு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பது. மூன்றையும் கட்டும் சூத்திரம் சிறியது: அமிழ்வின் சைன், சாய்வின் சைனையும் பிட்ச்சின் சைனையும் பெருக்கினால் வருவது.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. சாய்வு 50, பிட்ச் 40 என்று வைத்தால் அமிழ்வு ஏறக்குறைய 29½ பாகை. சாய்வு 30, பிட்ச் 80 என்று வைத்தாலும் அதே 29½. தோராயமாக ஒத்துப்போவதல்ல, கடைசித் தசமம் வரை அதே எண். இரண்டு மடிப்புகளின் அச்சும் ஒரே அளவுக்குப் பூமிக்குள் இறங்குகின்றன. ஆனால் ஒன்று நடுத்தரமாகச் சாய்ந்து, கோணலாக அமிழும் மடிப்பு. இன்னொன்று தாழ்ந்து சரிந்து கிடக்கும் தளத்தில், நீரோடும் வழியிலேயே அச்சு இறங்கும் மடிப்பு; நிலவியலாளர்கள் ரிக்ளைன்ட் என்று சொல்லும் வகையின் வாசலில் நிற்பது. சாய்வு 90 ஆகவும் பிட்ச் 29½ ஆகவும் இருந்தாலும் அமிழ்வு அதுவேதான். ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் மடிப்பு. அச்சை மட்டும் அளந்து வந்தவரிடம் இந்த மூன்றையும் பிரித்தறிய எதுவும் இருக்காது.

*

கஞ்சமலை சேலத்துக்கு மேற்கே தனித்து எழும் மலை. அடிவாரத்தில் சித்தர் கோயில். இன்னொரு பக்கம் சேலம் உருக்காலை. மலையைச் சுற்றி வரிவரியாக ஓடுகிறது இரும்புத் தாது: மேக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறி, கருப்பும் வெளுப்புமாக அடுக்கப்பட்ட பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காட்டுப் பகுதிகளின் பாறை அமைப்பை எழுதிய நூல் 1864-இல் வந்தது. சேலம் வட்டாரத்தின் இரும்பு அடுக்குகளை அவர்கள் அதில் மலை மலையாக விவரித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ஃபூட்தான் இவர். அதற்கும் முன்னால், 1830-களிலேயே, பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பாலை சேலத்துத் தாதை உருக்கியது. அதற்கும் வெகுகாலம் முன்பே இந்த ஊர்களில் சிறு உலைகள் எரிந்தன. தாதுக்காக இந்த மலையைப் பார்த்தவர்கள் ஏராளம். அது மடிந்திருக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் சிலரே.

மலையின் எந்தப் பக்கம் நின்று அளந்தாலும் அடுக்குகள் பொதுவாக உள்நோக்கியே சாய்கின்றன. வடக்கே நின்றால் தெற்கு நோக்கி, தெற்கே நின்றால் வடக்கு நோக்கி. கிழக்கு மேற்காக நீண்ட தோணி வடிவம் என்பார்கள். தாது வரிகள் அந்தத் தோணியின் விளிம்புகள்.

இங்கே திசைகாட்டியை எடுத்தால் ஒரு சங்கடம் வரும். மேக்னடைட் காந்தத் தன்மை உள்ளது. தாது வரிமேல் காம்பஸை வைத்தால் முள் வடக்கை மறந்துவிடும். நாலடி நகர்ந்தால் வேறொரு வடக்கு. 1894-இல் காப்புரிமை பெற்ற பிரண்டன் காம்பஸ்தான் இன்றும் பலர் கையில் இருப்பது. அதே பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன: காந்த முள், குமிழி மட்டம். முள் பொய் சொல்லும் இடத்திலும் குமிழி பொய் சொல்வதில்லை. அது ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்பட்டது. அடுக்கு எத்தனை பாகை சாய்கிறது என்பதைத் தாது வரியின் மேலேயே வைத்து நம்பிக்கையோடு எழுதிக்கொள்ளலாம். எந்தத் திசையில் சாய்கிறது என்பதை மட்டும் வேறு வழியில் எடுக்க வேண்டும். வரியைவிட்டு விலகி நின்று அதன் நீட்சியை நோக்கலாம். வரியின் இரு முனைகளிலும் ஜிபிஎஸ் எண்களைக் குறித்துத் திசையைக் கணக்கிடலாம். வெயில் இருந்தால் நிழலைக் கொண்டும் வடக்கை அறியலாம்.

மடிப்புகளை வகைப்படுத்தும் எண்கள் மூன்றில், சாய்வு, அமிழ்வு, பிட்ச், எதுவும் வடக்கைக் கேட்பதில்லை என்பதைக் கஞ்சமலையில்தான் நான் உணர்ந்து யோசித்தேன். நிமிர்ந்ததா கிடந்ததா என்று தீர்மானிக்கக் கிடைமட்டம் ஒன்று தெரிந்தால் போதும். மலை வடக்கே பார்த்தால் என்ன, கிழக்கே பார்த்தால் என்ன? ரிக்கார்டின் முக்கோணத்தில் திசைகளே இல்லை. வரைபடம் போடும்போதுதான் வடக்கு வேண்டும்.

*

கஞ்சமலையின் பட்டைப் பாறையில் விரல்நீள மடிப்புகள் நிறைய இருக்கும். கருப்பு வரி ஒன்று நெளிந்து, தன்மேலேயே திரும்பி, மீண்டும் ஓடும். அவற்றைப் பெரிய அமைப்பின்மேல் படிந்த அலங்காரமாக நினைத்துக் கடந்துபோகத் தோன்றும்.

ராஃபேல் பம்பெல்லி மாசசூசெட்ஸின் கிரீன் மலைகளை ஆராய்ந்து, தோழர்களோடு 1894-இல் வெளியிட்ட நூலில் ஒரு வரையறை வந்தது. இன்று அது பம்பெல்லி விதி. ஒரே காலத்தில், ஒரே நெருக்கலில் உண்டான மடிப்புகள் என்றால், சிறியவற்றின் அச்சும் அச்சுத்தளமும் பெரியதன் அச்சுக்கும் அச்சுத்தளத்துக்கும் இணையாகவே இருக்கும். மலை அளவு மடிப்பின் கீல் எங்கோ புதைந்து கிடக்கலாம். கையடக்க மடிப்பு ஒன்றில் பென்சிலைக் கீல் நெடுகப் பொருத்தி, அந்தப் பென்சிலின் அமிழ்வை அளந்தால், மலையின் அமிழ்வு கையில் வந்துவிடும்.

இதைப் படிக்கும்போது எளிதாகத்தான் தோன்றும். களத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. பல கிலோமீட்டர் அகலப் பொருளின் கிடப்பை ஒரு சாண் பாறை முழுமையாகத் தன்னிடம் வைத்திருக்கிறது.

சிறு மடிப்புகள் இன்னொன்றும் சொல்லும். பெரிய மடிப்பின் ஒரு பக்கத்தில் அவை இசட் வடிவில் முறுகியிருக்கும், மறுபக்கத்தில் எஸ் வடிவில். கீலை நெருங்கினால் எம். ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பது முடிவாகாமல் எஸ்ஸும் இசட்டும் அர்த்தமற்றவை. பாறைக்குப் பின்னால் போய் நின்றால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அச்சு எந்தப் பக்கம் அமிழ்கிறதோ அந்தப் பக்கம் நோக்கி நின்று பார்க்க வேண்டும்.

*

அமிழும் பக்கம் நோக்கிப் பார்ப்பதை ஒரு முறையாகவே எழுதி வைத்தவர் ஜே. ஹூவர் மாக்கின். 1950-இல் ஜர்னல் ஆஃப் ஜியாலஜியில் வந்த கட்டுரை. நிலவியல் வரைபடத்தை மேசையில் விரித்து மேலிருந்து பார்க்காதே. அச்சு அமிழும் திசையில், அது அமிழும் அதே கோணத்தில், கண்ணைத் தாழ்த்தி வரைபடத்தின்மேல் ஓட்டு. வரைபடம் வரைபடமாக இருப்பதை விட்டுவிட்டு மலையின் குறுக்கு வெட்டாக எழும்.

பென்சில்வேனியாவின் அப்பலாச்சிய வரைபடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். டஸ்கரோரா மணற்கல் என்ற கெட்டியான சிலூரியன் அடுக்கு அங்கே நெடுந்தொடர் முகடுகளாக நிற்கிறது. மடிப்புகளின் அச்சு கிடைமட்டமாக இருந்திருந்தால் முகடுகள் இணைகோடுகளாகவே ஓடியிருக்கும். அச்சுகள் மெல்ல அமிழ்வதால் முகடுகள் ஓரிடத்தில் திரும்பி, மூக்குப்போல் கூடி, மீண்டும் எதிர்த்திசையில் ஓடுகின்றன. வானத்திலிருந்து பார்த்தால் நெடுக வளைந்து வளைந்து திரும்பும் கோலம். மேல்வளைவின் மூக்கு அமிழும் திசையைச் சுட்டும். கீழ்வளைவு அமிழும் திசையில் வாய் திறக்கும். சஸ்குவஹானா ஆறு அந்த முகடுகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது.

இந்த மலைத்தொடரில்தான் ஹென்றி ரோஜர்ஸும் அவர் சகோதரர் வில்லியம் ரோஜர்ஸும் 1840-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். பெரும்பாலான மேல்வளைவுகளில் வடமேற்குப் பக்கம் செங்குத்தாகவும் தென்கிழக்குப் பக்கம் படிவாகவும் இருக்கிறது. அதாவது அச்சுத்தளங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, தென்கிழக்கு நோக்கிச் சாய்கின்றன. ஒரு மடிப்பின் சாய்வு தற்செயலாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லா மடிப்புகளும் ஒரே பக்கம் சாய்ந்தால், தள்ளிய கை எந்தப் பக்கம் இருந்தது என்ற கேள்வி தானாக எழுகிறது. அவர்கள் சொன்ன காரணம், பூமிக்குள் உருகிய குழம்பின் அலைகள், நிற்கவில்லை. அவர்கள் பார்த்துக் குறித்த சாய்வு இன்றும் அப்படியே நிற்கிறது.

*

சாய்வும் அமிழ்வும் இன்றைய நிலையை மட்டும் சொல்கின்றன. நேற்று எப்படி நின்றது என்று அவற்றிடம் கேட்க முடியாது. நிமிர்ந்து பிறந்த மடிப்பு பின்னர் ஒட்டுமொத்தமாகச் சரிந்து கிடந்த மடிப்பாகியிருக்கலாம். பிறப்பிலேயே கிடந்ததற்கும் அதற்கும் அட்டவணையில் ஒரே கட்டம்.

சுவிட்சர்லாந்தில் ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் மோர்க்ள் மடிப்பு கிடந்த மடிப்புகளில் பேர்போனது. ஒரு மலைத்தொடரே பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அச்சுத்தளம் கிட்டத்தட்டத் தரைக்கு இணை. மேல்பாதியில் அடுக்குகள் படிந்த வரிசையிலேயே இருக்க, கீழ்ப்பாதியில் எல்லாம் தலைகீழ்: பழைய சுண்ணாம்புக்கல் மேலே, புதியது கீழே. கீழ்ப்பாதியில் மட்டும் நடந்துபோகிறவர், மடிப்பின் கீலைக் காணாதவரை, எந்தக் குழப்பமும் இல்லாத நேர் அடுக்குகள்மேல் நடப்பதாகவே நினைப்பார்.

எந்த அடுக்கு மூத்தது என்ற கேள்வியை மடிப்பின் கிடப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் அது நடந்தது. எட்வர்ட் பெய்லி பாலஹூலிஷ் பகுதியை ஆண்டுக்கணக்கில் வரைந்தவர். நீரோட்டம் மணலில் விட்டுச்சென்ற குறுக்கு அடுக்குகளைக் கொண்டு எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிக்கலாம் என்பதை நார்வேயின் வோக்ட்டும் கனடாவின் டான்டனும் அங்கே காட்டினார்கள். தான் வைத்திருந்த வயது வரிசை தலைகீழ் என்று 1930-இல் பெய்லியே எழுதினார். பின்னர் 1937-இல் அவரும் மெக்காலியனும் இரண்டு சொற்களைக் கொண்டுவந்தார்கள்: ஆன்டிஃபார்ம், சின்ஃபார்ம். மேல்நோக்கி மூடினால் ஆன்டிஃபார்ம். கீழ்நோக்கி மூடினால் சின்ஃபார்ம். வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நடுவில் பழைய பாறை இருப்பது உறுதியானால்தான் மேல்வளைவு என்ற பெயர். புதியது இருந்தால் கீழ்வளைவு.

இந்தப் பிரிவு எவ்வளவு தேவையானது என்பதை ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் காட்டியது. 1950-களின் பிற்பகுதியில் ராபர்ட் ஷாக்கிள்டன் அங்குள்ள மணற்பாறைகளில் மணியின் பருமனைப் பார்த்தார். ஒவ்வொரு அடுக்கிலும் பருமணி அடியிலும் நுண்மணி மேலேயும் படியும். அபர்ஃபாயில் மேல்வளைவு என்று பெயர்பெற்ற அமைப்பில் நுண்மணிப் பக்கம் கீழ்நோக்கியே இருந்தது. நடுவில் பழைய பாறை. அந்த வகையில் அது மேல்வளைவே. ஆனால் அது மூடுவது கீழ்நோக்கி, வடிவத்தில் சின்ஃபார்ம். கிடந்த நிலையில் இருந்த பெருமடிப்பு ஒன்றின் மூக்கு, மேட்டுநிலத்தின் ஓரத்தில் கீழே வளைந்து செங்குத்தாகி நிற்கிறது. அச்சுத்தளத்தின் சாய்வை மட்டும் அளந்தவர் நிமிர்ந்து நிற்கும் ஒரு மடிப்பை எழுதிக்கொண்டு போயிருப்பார், அளவில் அவர் தவறே செய்திருக்கமாட்டார். அதன் முகம், அதாவது புதிய அடுக்குகள் இருக்கும் பக்கம், பூமியைப் பார்க்கிறது என்பதை மணல்மணிகள்தான் சொல்ல முடிந்தது.

எனவே கிடப்பு ஒரு விவரம், முகம் இன்னொரு விவரம். இரண்டையும் வேறு வேறு பத்தியில் எழுதும் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஒன்றைத் தெரிந்துகொண்டதும் மற்றதும் தெரிந்துவிட்டதாக மனம் தாவும். அந்தத் தாவலைத் தடுப்பதற்காகவே ஒரு தனிப் பத்தி.

*

மறுபடி கஞ்சமலை. தோணி வடிவம் என்று சொல்லிவிட்டால் முக்கோணத்தில் புள்ளி வைக்க முடியாது என்பதை இப்போது சொல்ல வேண்டும். தோணியின் கிழக்கு முனையில் அச்சு மேற்கு நோக்கி அமிழ்கிறது, மேற்கு முனையில் கிழக்கு நோக்கி. நடுவில் எங்கோ கிடைமட்டமாகிறது. ஒரே நேர்கோட்டை நகர்த்தி இந்தப் பரப்பை வரைய முடியாது. அச்சு என்ற கருத்துக்கே அடிப்படையான நிபந்தனை இங்கே மலை முழுவதற்கும் சேர்த்துப் பொருந்துவதில்லை.

இதற்கு நிலவியல் வைத்திருக்கும் வழி பொறுமையானது. மலையைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அச்சு ஏறக்குறைய நேராக இருக்கும்படி எல்லையை வைக்க வேண்டும். துண்டு துண்டாகக் கோளப்படத்தில் புள்ளிகளை வைத்து, துண்டுக்கு ஓர் அச்சு, துண்டுக்கு ஓர் அச்சுத்தளம் என்று எடுத்து, முக்கோணத்தில் அத்தனை புள்ளிகளையும் இட வேண்டும். புள்ளிகள் ஒன்றாகக் குவியாமல் ஒரு கோடாக நீளும். அச்சு எப்படி வளைந்திருக்கிறது என்பதற்கு அந்த நீட்சியே சாட்சி. அது ஒரே நெருக்கலில் இப்படி வளைந்ததா, மடிந்த பிறகு குறுக்கே இன்னொரு நெருக்கல் வந்து வளைத்ததா என்ற கேள்வி அதற்கு அடுத்த நாள் வேலை. இரண்டு மடிப்புகள் குறுக்கிட்டால் எத்தகைய கோலங்கள் உண்டாகும் என்று 1960-களில் ஜான் ராம்சே வகைப்படுத்தி வைத்தார். கிண்ணமும் குவிமாடமும் அவற்றில் முதல் வகை. ஆனால் அதற்குள் போகும் முன் துண்டுகளின் எண்கள் கையில் இருக்க வேண்டும்.

முகத்தைப் பற்றி இந்த மலையிடம் கேட்பதற்கில்லை. கிரானுலைட் என்ற உயர்வெப்ப உருமாற்ற நிலை வரை வெந்து, படிகங்கள் புதிதாக வளர்ந்துவிட்ட பாறை இது. மணியின் பருமன், நீரோட்டத்தின் குறுக்கு அடுக்கு போன்ற எந்த அடையாளமும் அந்தச் சூட்டில் தப்பியிருக்காது. நடுவில் இருக்கும் பாறை மூத்ததா இளையதா என்று தாது வரியின் வடிவத்தைக் கொண்டு முடிவு கட்டக்கூடாது. பழைய புத்தகங்களின் வழக்கத்தில் இதைக் கீழ்வளைவு என்று எழுதிவிடக் கை போகும். நான் சின்ஃபார்ம் என்றுதான் எழுதுகிறேன்: கிழக்குத் துண்டு, மேற்கு நோக்கி அமிழும் சின்ஃபார்ம்; மேற்குத் துண்டு, கிழக்கு நோக்கி அமிழும் சின்ஃபார்ம். சாய்வும் அமிழ்வும் குமிழி மட்டத்தில் எடுத்தவை, திசை தாது வரியிலிருந்து விலகி நின்று எடுத்தது என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் சேர்க்கிறேன். அடுத்து அளக்க வருகிறவருக்கு அது தேவைப்படும்.